அக்காவின் கணினிக்குள் மூன்று ஊர்கள்

அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். அவளுடைய கேள்வித்தாள்களில் ஓர் எழுத்துக்கூட அசையக் கூடாது.

"உன் படிப்புக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்க. ஆனா என் பேப்பர் போச்சுன்னா, நீயும் உன் படிப்பும் ரோட்லதான்," என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அக்கா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள். தவணைப் பரீட்சை வந்தால் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் சேர்த்து அவள்தான் கேள்வித்தாள் தட்டச்சு செய்வாள். மாத்தளை டவுனிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த எங்கள் வீட்டில் ஒரே கணினி, அது அவளுடையது. அதற்குள் நான் இன்னும் மூன்று கணினிகளை ஓட வைக்க வேண்டியிருந்தது.

நான் கொழும்பில் கணினி வலையமைப்பு டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள், வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளை அறையில் வைத்திருந்தால் ஒவ்வொரு சோதனைக்கும் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். நல்ல மனுஷி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு அறை தேடி இரண்டு வாரம் அலைந்துவிட்டு, இரண்டு பையோடு மாத்தளைக்கு வந்துவிட்டேன்.

படிப்பில் மிச்சம் இருந்தது இறுதிச் செயன்முறைப் பரீட்சை மட்டும். மூன்று கணினிகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் போய்ச் சேருவதைக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு நிறுவனத்தின் ஆய்வுகூடம் இருந்தது. எனக்கு அக்காவின் பெட்டி இருந்தது. எங்கள் சேர் தொலைபேசியில் சொன்னார்: "நீங்க ஊர்லயே செஞ்சு வாங்க. கண்டி கிளையில எக்ஸாமினர் வாறாரு. ஆனா அந்த ஒரு நாள்தான். விட்டா அடுத்த பெட்ச்சோட." அடுத்த பெட்ச் என்றால் ஒரு வருடம். கண்டியில் ஓர் அலுவலகம் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. ஒரு வருடம் காத்திருப்போம் என்று சொல்லவில்லை.

ஒரு கணினிக்குள் வேறு கணினிகள் இருப்பது போலப் பாவனை செய்யும் மென்பொருள்கள் அப்போதே இருந்தன. அவற்றில் எது என்பதுதான் கேள்வி. நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். கொப்பியில் எழுதினேன். அக்காவின் கோப்புகளைத் தொடக் கூடாது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி. ரேமில் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். டவுனில் இணையம் உள்ள கொமியூனிகேஷன் கடையில் ஒரே தடவையில் இறக்கி முடிக்கிற அளவில் இருக்க வேண்டும். செய்து முடித்ததைக் கண்டிக்குச் சுலபமாகக் கொண்டுபோக முடிய வேண்டும். ஐந்தாவதாக எழுதியது எந்த மென்பொருளின் கையேட்டிலும் இருக்காது: அப்பா மெயின் சுவிட்சை இறக்கினாலும் பிழைக்க வேண்டும்.

மாத்தளையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரம் இடி விழாத நாள் குறைவு. முதல் முழக்கம் கேட்டவுடன் அப்பா எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். அடுத்தது டெலிபோன் வயர். அதன்பிறகுதான் யார் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார். அவர் வேலை செய்த மிளகு ஸ்டோரில் ஒருமுறை இடி விழுந்து தராசு முதல் ஃபேன் வரை எரிந்துபோனது. அதிலிருந்து இதில் பேச்சுக்கே இடமில்லை.

மூன்று மென்பொருள்களை இறக்கினேன். முதலாவது மிகவும் பெயர் பெற்றது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு பிறர் செய்து வைத்த கணினிகளை ஓட்டுமே தவிர, புதிதாக ஒன்றைச் செய்யாது. இரண்டாவது செய்தது. அதற்குள் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவப் போனால் பாதியில் திரை கலங்கி நின்றது. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் அதே இடம். மூன்றாவது அப்போதுதான் வெளியே வந்திருந்தது. இருபது எம்.பி. சொச்சம். எழுத்துத் திரை மட்டும் உள்ள லினக்ஸை அறுபத்து நான்கு எம்.பி.யில் சத்தமில்லாமல் ஓட்டியது. செய்த கணினி முழுவதும் ஒரு கோப்பாகவே இருந்ததால், டிவிடியில் எழுதி எங்கேயும் கொண்டுபோகலாம். வயரும் பெட்டியுமாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற காலமாக அது இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட, அதில் 'ஸ்னப்ஷொட்' இருந்தது. கணினி இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எதையாவது உடைத்துவிட்டால் ஒரு பொத்தானில் அந்த நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஐந்தாவது நிபந்தனையைச் சோதிக்க வேண்டியிருந்தது. அக்காவின் கேள்வித்தாள்களை ஒரு சிடியில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். மூன்று கணினிகளையும் ஓடவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் அக்கா. "அப்பா செய்றது பத்தாதுன்னு நீயுமா?"

"அப்பா செய்றதுக்கு முந்தி நான் செஞ்சு பாக்கிறேன்."

ஆறு தடவை பிடுங்கினேன். ஆறு தடவையும் மூன்றும் எழுந்தன. மூன்றாவது மென்பொருளுக்கு நேரே கொப்பியில் ஒரு சரி போட்டேன். அக்கா சிடியை சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அடுத்து நான் செய்த பிழைக்கு மென்பொருள் பொறுப்பில்லை.

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் கிரகங்களின் பெயர் வைப்பார்கள், அல்லது கிரிக்கெட் வீரர்களின் பெயர். என்னுடைய அமைப்பில் முதலாவது கணினியிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் எதுவும் நடுவில் உள்ளதைக் கடந்தே போக வேண்டும். எனக்கு உடனே தோன்றியது அக்கா தினமும் போகும் பஸ். மாத்தளை, ரத்தோட்டை, அதற்கு மேலே ரிவர்ஸ்டன். ரத்தோட்டையைத் தொடாமல் ரிவர்ஸ்டனுக்குப் போக முடியாது. பெயரைப் பார்த்தாலே பாதை புரியும். நல்ல பெயர்கள் என்று நினைத்தேன். கொப்பியின் நடுப்பக்கத்தில் மூன்று வட்டம் போட்டு, ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, நடுவே அம்புக்குறி இழுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் எண்களைப் புள்ளி வைத்து எழுதினேன். கடைசி வட்டத்தின் பக்கத்தில் 'இங்கே போய்ச் சேர வேண்டும்' என்று குறித்தேன்.

ரிவர்ஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அந்த நாட்களில் அதற்குக் காவல் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பார்த்துப் பார்த்துப் பழகியதால்தான், என் படம் அந்தக் கோபுரத்துக்கு வழி காட்டுவது போலத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பாதையில் சோதனை வந்தது. இரண்டு இராணுவத்தினர், ஒரு பொலிஸ் உத்தியோகத்தர், ஒரு பெண் பொலிஸ். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த குடும்பப் பதிவுத் தாளைப் பார்த்து ஆட்களை எண்ணினார்கள். நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்ததை அப்பா மறுநாளே பொலிசில் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் எண்ணிக்கை சரியாக வந்தது. அலுமாரி, அரிசிப் பானை, சாமிப் படத்தின் பின்பக்கம். பிறகு கணினி மேசை.

திரையில் மூன்று கறுப்புச் சதுரங்கள் திறந்திருந்தன. மின்னஞ்சல் முதல்நாள்தான் முதன்முறையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பொலிஸ் கொப்பியைப் புரட்டினார். நடுப்பக்கத்தில் கை நின்றது. கொப்பியை உத்தியோகத்தரிடம் கொடுத்தார்.

அவர் கொப்பியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரையிலும் அதே மூன்று ஊர்கள்.

"இதை வரையச் சொன்னது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லவில்லை சேர். பரீட்சைக்கு நானே வரைந்தது."

"என்ன பரீட்சைக்கு ரிவர்ஸ்டன் வருகிறது?"

நான் விளக்கினேன். என் சிங்களம் நன்றாகவே இருக்கும். ஆனால் 'கணினிக்குள் கணினி, அது உண்மையில் இல்லை, ஆனால் வேலை செய்கிறது' என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அன்று காலை பொய் போலத்தான் ஒலித்திருக்கும். அப்பா வாசலில் நின்று உடுத்திருந்த சாரத்தின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா பாடசாலைக் குரலில், "சேர், நான் ஆசிரியை. இது என்னுடைய கணினி," என்றாள்.

"அப்படியானால் நீங்களும் பொறுப்பு," என்றார் அவர்.

கொப்பியை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு இரண்டு மணிக்கு நானும் அப்பாவும் பெட்டியோடு பொலிஸ் நிலையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் பக்கத்து வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "வேற பேரே கெடைக்கலையா உனக்கு? ரிவர்ஸ்டன். ஏன், கொழும்புத் துறைமுகம்னு வைக்கிறதுதானே?"

"ரோடு மாதிரி இருக்கேன்னு வச்சேன்."

"ரோடு மாதிரி இருந்ததாலதான் தூக்கிட்டுப் போறாங்க. இப்பவே பேரை மாத்து."

"மாத்தக் கூடாதுக்கா. கொப்பி அவங்க கையில இருக்கு. கொப்பியில ஒண்ணு, பெட்டியில ஒண்ணுன்னு இருந்தா மறைச்சதா ஆயிடும்."

அப்பா முதல்தடவையாக வாயைத் திறந்தார். "அது சரி. இருக்கிறபடியே கொண்டுபோவோம்."

அடுத்த நாள் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி முச்சக்கர வண்டியில் வைத்தோம். ஓட்டுநர் தெரிந்தவர். "ரிப்பேரா?" என்று கேட்டார். அப்பா "ம்" என்றார். பொலிஸ் நிலையத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னோம். மிச்சக் காசைக் கொடுக்கும்போது அவர் அப்பாவின் கையை ஒரு நிமிடம் விடாமல் வைத்திருந்தார்.

பொறுப்பதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய மேசையில் இருந்த திரையின் உறையைக் கழற்றி, அதில் என் பெட்டியின் வயரைப் பூட்டச் சொன்னார். கொப்பி அவர் முன்னால் நடுப்பக்கம் திறந்தபடி கிடந்தது. என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிட்டார், தங்கச்சி என்று. அது ஆறுதலாக இல்லை.

மூன்றையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதில் வந்தது. ரத்தோட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"பார்த்தீர்களா சேர், நடுவில் உள்ளது நின்றால் போக முடியாது. அதற்காகத்தான் அந்தப் பெயர்."

"லக்கலப் பக்கத்திலிருந்தும் ரிவர்ஸ்டனுக்கு வரலாம், நங்கி."

"இதில் அந்த ரோடு இல்லை சேர்."

அவருடைய வாய் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. "நான் உன்னை நம்புகிறேன் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு நீ இதைக் கண்டிக்குக் கொண்டுபோகிறாய். வழியில் ஒருவன் பார்க்கிறான். அவன் எனக்கு டெலிபோன் எடுப்பான். இது என் பகுதியில் இருந்து போனது. பெயரை இங்கேயே மாற்று. ஊர் பெயர் எதுவும் வேண்டாம்."

"என்ன பெயர் சேர்?"

"மாத்தளையில் பெயருக்குப் பஞ்சமா? கராம்பு, மிளகு, சாதிக்காய். ஏதாவது வை."

நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெயரை மாற்ற ஒரு வரிக் கட்டளை உண்டு. அடித்த உடனே திரையில் புதுப் பெயர் தெரியும். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் பழைய பெயர் வந்துவிடும். முழுதாக மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு கணினியிலும் ஏழு இடங்களில் மாற்ற வேண்டும், அதில் ஒன்று பிசகினாலும் மின்னஞ்சல் நின்றுபோகும். பரீட்சைக்கு ஒரு நாள்கூட இருக்கவில்லை. நான் அந்த ஒரு வரியை மூன்று கணினியிலும் அடித்தேன். மாத்தளை கராம்பு ஆனது. ரத்தோட்டை மிளகு ஆனது. ரிவர்ஸ்டன் சாதிக்காய் ஆனது.

"முடிந்ததா?"

"முடிந்தது சேர்."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "எங்கள் கணினியும் இப்படித்தான். மாற்றுவோம், காலையில் வந்து பார்த்தால் பழையபடி இருக்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போடு."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. அணைத்துப் போட்டேன். வரிகள் ஓடின. கடைசி வரியில் மாத்தளை என்று வந்து நின்றது.

அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நங்கி," என்றார் பொறுப்பதிகாரி. குரலை உயர்த்தவில்லை. "இது உன் பிழையா, இல்லை என்னை ஏமாற்றப் பார்த்தாயா?"

"ஏமாற்றப் பார்த்தேன் சேர்." வேறு எதைச் சொன்னாலும் அடுத்த கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. "முழுதாக மாற்ற ஏழு இடம் மாற்ற வேண்டும். மூன்றுக்கும் இருபத்தொன்று. ஒன்று பிசகினால் நாளைப் பரீட்சை போய்விடும். அந்தப் பயத்தில் செய்தேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "மன்னிக்கணும் மாத்தயா," என்றார். அப்பாவுக்கு அவரைவிட வயது கூட.

"இருபத்தொன்றையும் மாற்று," என்றார் பொறுப்பதிகாரி. "எனக்கு நேரம் இருக்கிறது."

"அதற்கு முன்னால் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்துக்கொள்ளட்டுமா சேர்? உடைந்தால் திரும்பிப் போக."

"திரும்பிப் போவதென்றால், பழையது உள்ளேயே இருக்குமா?"

இன்னொரு பொய்க்கு இடமில்லை. "இருக்கும் சேர்."

"அப்படியானால் வேண்டாம்."

மூன்றாவது மென்பொருளை நான் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு பொத்தானுக்காகத்தான். அதைத் தொடாமல் வேலையைத் தொடங்கினேன். ஏற்கெனவே இருந்த பழைய ஸ்னப்ஷொட்களையும் அவர் கண்முன்னால் ஒவ்வொன்றாக நீக்கினேன். எண்களைச் சரிபார்க்கக் கொப்பி வேண்டும் என்றேன். அவர் கொப்பியைத் தரவில்லை. என் பக்கம் திருப்பி, ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு கொன்ஸ்டபிள் தேநீர் கொண்டுவந்து வைத்தான். மூன்றையும் அணைத்துப் போட்டேன். மூன்றிலும் புதுப் பெயர்கள் நின்றன. கராம்பிலிருந்து சாதிக்காயைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். அது போகவில்லை.

அவர் ஒரு வாக்குமூலம் எழுதினார். கணினியில் இருந்த ஊர்ப் பெயர்கள் நீக்கப்பட்டன, வேறு பிரதி எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. என்னை விட்டுவிட்டு அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா கண்ணாடியைப் போட்டு, முழுதும் வாசித்துவிட்டுத்தான் போட்டார். கொப்பியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டி ஒரு வரி அடிப்பதற்குள் இடி முழங்கியது. அப்பா எழுந்து போனார். மின்சாரம் போன வீட்டில் நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

"ஏன்டி," என்றாள் அக்கா, மெதுவாக. "நீ திங்கக்கெழம ஒரு டிவிடி எழுதினியே. அலுமாரிக்குள்ள வச்சியே."

அது எனக்குத் திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியிலேயே ஞாபகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை எல்லாம் வேலை செய்தபோது மூன்றையும் டிவிடியில் எழுதி வைத்திருந்தேன். அதில் மின்னஞ்சல் போகும். பழைய பெயர்களோடு போகும். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் அந்த அலுமாரியையும் திறந்துதான் பார்த்தார்கள். அக்காவின் சினிமா டிவிடிகளுக்கு நடுவே அது அவர்கள் கண்ணில் படவில்லை.

"அதைக் கொண்டுபோ," என்றாள் அக்கா. "கண்டியில எக்ஸாமினருக்கு மாத்தளை, ரத்தோட்டையெல்லாம் என்ன தெரியப் போவுது? மேல ஏதாவது சினிமாப் பேர் எழுதிடலாம். ஒரு வருசம்டி. அந்த ஒஃபீஸ்ல வேற ஆள் எடுத்துடுவாங்க."

நான் அதற்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தேன், மனதுக்குள். கண்டி போகும் வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பார்ப்பார்கள். டிவிடியைக் கணினியில் போட்டுப் பார்க்க வாய்ப்புக் குறைவு. போட்டாலும் கோப்பின் பெயர் மட்டும்தான் தெரியும். கோப்பின் பெயர் ரிவர்ஸ்டன். அதை மாற்றி எழுதலாம். உள்ளே மாறாது. பரீட்சை அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரின் திரையும் மற்றவருக்குத் தெரியும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் பிடிபட வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு மட்டும் என்றால் கொண்டுபோயிருப்பேன்.

"வேறு பிரதி இல்லைன்னு அப்பா கையெழுத்துப் போட்டிருக்காருக்கா," என்றேன்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, போடும்போது உங்களுக்குத் தெரியுமா, இது இருக்குன்னு?" என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

"தெரியாது," என்றார் அப்பா. "இப்பத் தெரியும்."

அதைக் கண்டிப்பாகவோ கெஞ்சியோ சொல்லவில்லை. மிளகின் எடையைச் சொல்வது போலச் சொன்னார். நான் அலுமாரியைத் திறந்து டிவிடியை எடுத்தேன். துணியில் சுற்றி மடித்தபோது மூன்று துண்டாக உடைந்தது. அம்மா அதை அடுப்பில் போட்டார். நாற்றம் வீட்டை விட்டுப் போக வெகுநேரமானது.

மின்சாரம் ஏழு மணிக்குத்தான் வந்தது. இரண்டு மணி நேரம் தேடியும் மின்னஞ்சல் ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மேல் தொட்டால் இருப்பதையும் உடைத்துவிடுவேன் என்று தோன்றியதால் நிறுத்தினேன். காலையில் புது டிவிடி எழுதி, மென்பொருளையும் அதிலேயே போட்டு, வெள்ளை உறையில் வைத்து, நான் யாரென்று சொல்லும் கிராம சேவகரின் கடிதத்தோடு பஸ் ஏறினேன். முதல் சோதனையில் சிப்பாய் உறையைத் தூக்கி, "என்ன படம்?" என்று கேட்டான். பரீட்சை என்றேன். "நல்ல படமா?" என்றான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். திருப்பித் தந்துவிட்டான்.

பரீட்சகர் நிதானமானவர், தமிழர். ஒவ்வொருவரின் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். என்னிடம் வந்ததும், "டிசைன் கொப்பி எங்க?" என்றார். மற்றவர்கள் எல்லோரும் கொப்பி வைத்திருந்தார்கள். நான் பஸ்ஸில் மடியில் வைத்து வரைந்த ஒற்றைத் தாளைக் கொடுத்தேன்.

"கொப்பி வேணும்னு ரூல்ஸ்ல இருக்கே."

வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லலாம். முதல்நாள் ஒரு பொய் மூன்று நிமிடத்தில் உடைந்ததைப் பார்த்தவளுக்கு இரண்டும் வரவில்லை.

"பொலிஸ்ல வச்சிக்கிட்டாங்க சேர்."

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பரீட்சகர் தாளைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து, தன் முதுகு மற்றவர்கள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். "சரி. இந்தத் தாள்லயே கையெழுத்தும் தேதியும் போடுங்க."

பரீட்சையின் முதல் இரண்டு பகுதிகளையும் பார்த்தார். நடுவில் உள்ளதை நிறுத்தச் சொன்னார், திரும்ப எழுப்பச் சொன்னார். ஏதேதோ கேட்டார், பதில் சொன்னேன். மின்னஞ்சல் என்றார். போகவில்லை என்றேன்.

"எதுக்குப் போகல?"

"நேத்து பேர் மாத்தினேன் சேர். ஏழு இடத்திலயும் மாத்தினேன். அப்புறம் போகல."

"எக்ஸாமுக்கு முதல்நாள் யாரும் பேர் மாத்துவாங்களா?"

அவர் என் தாளைப் பார்த்தார். கராம்பு, மிளகு, சாதிக்காய். ஊர் எது என்று கேட்டார். மாத்தளை என்றேன். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, மின்னஞ்சல் கணினியில் ஒரு பட்டியலைத் திறந்தார்.

"இந்தப் பட்டியல்ல எழுத்தை மாத்தியிருக்கீங்க. ஆனா மெயில் இந்த எழுத்தைப் படிக்கிறதில்ல. இதிலேருந்து ஒரு டேட்டாபேஸ் செய்யணும், அதைத்தான் படிக்கும். அதைத் திரும்பச் செய்யல நீங்க. அதுக்குள்ள இன்னும் பழைய பேர்தான் இருக்கு. ஏழில்ல, எட்டு."

முதல்நாள் எல்லா இடத்திலும் அழித்த பெயர்கள், பஸ்ஸில் என் மடியில், சோதனையைக் கடந்து, என்னோடு கண்டிக்கு வந்திருந்தன. நான் உடனே அந்தக் கட்டளையை அடிக்கக் கையை நீட்டினேன்.

"இப்ப அடிச்சா மார்க் இல்ல," என்றார். "நான் சொல்லிட்டேனே."

"மார்க்குக்கு இல்ல சேர்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் அடித்தேன். ஒரு நொடியில் முடிந்தது. மின்னஞ்சல் கராம்பிலிருந்து கிளம்பி, மிளகைக் கடந்து, சாதிக்காய்க்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே புள்ளிப் பத்திரத்தில் எழுதினார். மூன்றாவது பகுதிக்கு நேரே பூச்சியம் போட்டார். மற்ற இரண்டின் எண்களையும் கூட்டி, பேனா முனையை அதன் கீழே ஒரு கணம் வைத்துக்கொண்டிருந்தார்.

"மெரிட் கிடைக்காது," என்றார்.

"பாஸ் கிடைக்குமா சேர்?"

"மட்டுமட்டா. பாஸுக்கு ஒரு மார்க் கூடவே இருக்கு."

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.